கூண்டு யாருக்காக ஏறுகிறது?

ஐப்பசி, கார்த்திகையில் வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாசகம் மனப்பாடம். நாகப்பட்டினம், கடலூர், பாம்பன் துறைமுகங்களில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்பார்கள். எண் ஏறினால் ஆபத்தும் ஏறுகிறது என்று நாமாகப் புரிந்துகொள்வோம். ஐந்தைவிட ஏழு மோசம், எட்டைவிடப் பத்து மோசம்.

உண்மை அதுவல்ல. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்தையே சொல்கின்றன. புயல் தன் பாதையில் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 5, வலப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கரையேறும் என்றால் 7. அதே கணக்கைக் கடும் புயலுக்குப் போட்டால் 8, 9, 10. கடைசியில் 11 ஒன்று இருக்கிறது. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, உள்ளூர் அதிகாரி நிலைமை மோசமென்று கருதுகிறார் என்பது அதன் பொருள். மூங்கில் கூடைபோல் கூம்பாகவும் உருளையாகவும் கட்டி, பகலில் கொடிமரத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். நங்கூரத்தில் நிற்கும் கப்பலின் தலைவனுக்கு இதைவிடத் தெளிவான செய்தி வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் இருப்பதா, கடலுக்குள் விலகுவதா, எந்தத் திசையில் விலகுவது என்பதற்கெல்லாம் அந்த எண்ணில் விடை இருக்கிறது. கரையோரக் குடிசையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பவளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் புயல் சாவுகளைப் புரிந்துகொள்ள, காற்றின் வேகத்தைவிட இந்தக் கூண்டு எனக்கு உதவுகிறது. எச்சரிக்கை முதலில் கப்பலுக்காகப் பிறந்தது. மனிதர்களை வந்தடைய அதற்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது. சில நாடுகளில் இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளியில் நின்ற கப்பல்கள் நொறுங்கின. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டதாகக் கணக்கு. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்ததற்கு இந்தப் புயலும் ஒரு காரணம். அதற்கு முன்பே அதே ஊரில் ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் புயல்களைப் பற்றிக் கிறுக்குப் பிடித்தவர்போல் ஆராய்ந்துகொண்டிருந்தார். ‘சைக்ளோன்’ என்ற சொல்லே அவர் உருவாக்கியது. கிரேக்கத்தில் பாம்பின் சுருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தார். மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு முனைந்தபோது, ஒருநாள் கடல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும், வேண்டாம் என்று 1853இல் அவர் கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1867இல், போர்ட் கானிங் என்ற அந்தத் துறைமுகத்தை ஒரு புயலும் அதோடு வந்த அலையும் அழித்தன. பெரும் புயல் என்றுகூட அதைச் சொல்ல முடியாது.

நூறாண்டு தாண்டி, 1970 நவம்பர் 12 இரவுக்கு வருவோம். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவும் அதைச் சூழ்ந்த கழிமுகத் தீவுகளும். புயலும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தன. செத்தவர்கள் மூன்று லட்சம் என்பார்கள், ஐந்து லட்சம் என்பார்கள். எண்ணி முடிக்க ஆளில்லை. தஜுமுத்தீன் என்ற வட்டத்தில் இருந்த 1,67,000 பேரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் ஒரே இரவில் போனார்கள். உலகில் பதிவான வெப்பமண்டலப் புயல்களில் இதைவிட அதிகம் பேரைக் கொன்றது இல்லை.

எச்சரிக்கை வரவில்லையா? வந்தது. அப்பகுதியினரில் பத்தில் ஒன்பது பேருக்குப் புயல் வருவது தெரிந்திருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. உறுதியான கட்டடம் தேடிப் போனவர்கள் நூற்றுக்கு ஒருவர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போவதற்கு அங்கே கட்டடம் எங்கே இருந்தது?

டாக்கா காலரா ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் சோமரும் வைலி மோஸ்லியும் தீவு தீவாகப் போய்ப் பிழைத்தவர்களைப் பார்த்தார்கள். அவர்களின் கட்டுரை 1972இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஆய்ந்த பகுதியில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் இறந்திருந்தனர். இறந்தவர்களில் பாதிக்கு மேல் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மிகக் குறைவாக இறந்தவர்கள் நடுவயது ஆண்கள். பிழைத்தவர்களின் உடலில் அவர்கள் ஒரு பொதுவான காயத்தைக் கண்டார்கள்: கைகளின் உட்புறம், மார்பு, தொடை எல்லாம் தோலுரிந்திருந்தது. இரவு முழுவதும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்ததன் தடம். ‘புயல் நோய்க்குறி’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். மரத்தைப் பிடித்துத் தொங்கும் வலு யாருக்கு இருந்ததோ அவரே பிழைத்தார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளுக்குக் கை ஒன்றுதான் மிச்சம்.

அரசியலில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. பாகிஸ்தானை ஆண்ட யாஹ்யா கானின் அரசு நிவாரணத்தில் மெத்தனம் காட்டியது. டிசம்பரில் தேர்தல். கிழக்கில் பொதுத் தொகுதிகள் 162இல் 160 கிழக்கின் கட்சியான அவாமி லீகுக்குப் போயின. புயல் அடித்த தொகுதிகளில் மட்டும் ஜனவரியில்தான் வாக்கெடுப்பு நடந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் வங்கதேசம் பிறந்துவிட்டது. ஒரு புயல் நாட்டைப் பிரித்தது என்று எழுதிவிடுவது எளிது. மொழி, வரி, படை என்று இருபதாண்டுக் கணக்கு அதன் பின்னால் இருந்தது. புயல் அந்தக் கணக்கை எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தது, அவ்வளவே.

அதிகம் பேசப்படாதது அதன் பிறகு நடந்தது. 1972இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேச லீக் கடலோரத்தில் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டு வங்கதேச அரசும் அதில் பங்கெடுத்துக்கொண்டது. புதிதாய்ப் பிறந்த, கையில் காசில்லாத நாடு. ராடார்களை வாங்கிக் குவிக்க வழியில்லை. ஆகவே ஆட்களைச் சேர்த்தார்கள். ஊருக்கு ஊர் தொண்டர் குழு. அவர்களிடம் ஒரு டிரான்சிஸ்டர், கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, கையால் சுற்றும் சங்கு, சைக்கிள், கொடிகள். ஆபத்து கூடக்கூடக் கொடி ஒன்றாகி, இரண்டாகி, மூன்றாகும். இடமா வலமா என்ற கப்பல் கணக்கு அங்கே கிடையாது. மூன்று கொடி பறந்தால் கிளம்பு.

சம்பளம் இல்லாத வேலை. தொண்டர் அதே ஊர்க்காரர். யார் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிழவி இருக்கிறாள், யார் மனைவி நிறைமாதம் என்று அவருக்குத் தெரியும். வானொலியில் முகம் தெரியாதவர் படிக்கும் ‘மகாவிபத் சங்கேத்’ என்ற அறிவிப்பு வேறு. நேற்று டீக்கடையில் கடன் சொன்னவன் வாசலில் நின்று ‘சாச்சி, கிளம்புங்க’ என்பது வேறு.

அதோடு மண்மேடுகள் எழுந்தன. ‘கில்லா’ என்பார்கள், கோட்டை என்று பொருள். ஆட்கள் ஏறவும் முக்கியமாக மாடுகளை ஏற்றவும். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடித்த இடம் இதுதான். உயிர் போகும் என்று தெரிந்தும் ஜனங்கள் ஏன் நகர மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் எல்லா நாட்டிலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். மாடு போனால் அடுத்த ஆண்டு உழவு இல்லை, உழவில்லாமல் பிழைப்பது எப்படி என்பது விவசாயியின் கணக்கு. அவன் கணக்கில் பிழையில்லை. அமெரிக்கா இதைக் கற்றுக்கொள்ள 2005 வரை ஆனது. கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பலர். தஞ்சமளித்த விளையாட்டரங்கில் செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை. 2006இல் வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்த்தாக வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டார்கள். அங்கே கார் இல்லாதவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்ற கேள்வியும் அந்தப் புயலில்தான் உறைத்தது.

தொண்டர் இருந்தால் போதுமா என்பதற்கு 1991 ஏப்ரல் 29 பதில் சொன்னது. சிட்டகாங் கரையில் மணிக்கு 240 கிலோமீட்டரை ஒட்டிய காற்று, ஆறு மீட்டர் உயரக் கடல். பத்தாம் எண் அபாயம் அறிவிக்கப்பட்டிருந்தது, தொண்டர்களும் சுற்றிச்சுற்றிக் கூவினார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,38,000. புகலிடங்கள் சில நூறுதான் இருந்தன. பிறகு 1,123 பேரைக் கொண்ட 45 குடியிருப்புத் தொகுதிகளில் எடுத்த ஆய்வு ஒன்று எளிய முடிவைத் தந்தது: செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தை எட்ட முடியாதவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தனர், எட்டியவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

பெண்களின் சாவு தனியாகப் பேச வேண்டியது. இருபதிலிருந்து நாற்பத்து நான்கு வயதுக்குள் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தார்கள் என்றால், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். வெளியூர் போன கணவன் சொல்லாமல் வீட்டை விட்டு எப்படிக் கிளம்புவது என்று காத்திருந்தவர்கள் உண்டு. புகலிடத்தில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே, தனிக் கழிப்பறை இல்லாத இடத்தில், இரவைக் கழிக்கத் தயங்கியவர்கள் உண்டு. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ள, நீந்திப் பழக்கமும் இல்லாதவர்கள். அடுத்துக் கட்டிய புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறை வந்தது, கால்நடைக்கு இடம் வந்தது. தூண்கள் மேல் நிற்கும் மாடிக் கட்டடங்கள் அவை. அடியில் தண்ணீர் புகுந்து போகலாம். புயல் இல்லாத நாளில் அதுவே பள்ளிக்கூடம். பிள்ளையைத் தினமும் கொண்டுவந்து விடும் இடம் ஆகையால் அந்தப் படியேறத் தாய்க்குக் கூச்சமில்லை. தொண்டர்களும் இன்று 76,000க்கு மேல். அவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

2007 நவம்பர் 15இல் வந்த சிடர் புயல் 1991க்கு இளைத்ததல்ல. இறந்தவர்கள் 3,400 பேர் அளவில். சுந்தரவனக் காடுகள் கொஞ்சம் தாங்கிக்கொண்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவில், அம்ஃபான் வந்தபோது இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அந்நாடு இடம்பெயர்த்தது. வங்கதேசத்தில் இறந்தவர்கள் முப்பதை எட்டவில்லை.

சிடருக்கும் அம்ஃபானுக்கும் இடையில், அதே கடலின் கிழக்குக் கரையில், நேர்மாறான ஒன்று நடந்தது. 2008 மே 2, மியான்மரின் ஐராவதிக் கழிமுகம், நர்கிஸ். இந்திய வானிலைத் துறை இரண்டு நாளுக்கு முன்பே மியான்மருக்குச் சொல்லிவிட்டது; 41 எச்சரிக்கைகள் அனுப்பியதாகப் பின்னர் சொன்னது. அங்கிருந்த வானிலைத் துறைக்கும் தெரியும், அரசு ஊடகத்திலும் செய்தி வந்தது. காற்றைப் பற்றிச் சொன்னார்களே தவிர, ஐந்து மீட்டர்வரை எழுந்து ஐம்பது கிலோமீட்டர் உள்ளே வரப்போகும் கடலைப் பற்றிச் சொல்ல அங்கே ஆளில்லை. கழிமுகத்து மக்களின் நினைவிலும் அப்படி ஒரு கடல் இல்லை. தொண்டர் இல்லை, கொடி இல்லை, மேடு இல்லை. அலையாத்திக் காடுகளையும் நெல்லுக்காகவும் விறகுக்காகவும் வெட்டித் தீர்த்திருந்தார்கள். அரசுக் கணக்குப்படி இறந்தவர் 84,537, காணாமற்போனவர் 53,836. இறந்தவர்களில் 61 விழுக்காட்டினர் பெண்கள்.

கூண்டின் பதினொன்றாம் எண் எனக்கு இங்கேதான் நினைவுக்கு வருகிறது. கம்பி அறுந்த எண். அரசுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் அது எப்போதோ அறுந்திருந்தது. புயல் அடித்து எட்டு நாளில், மே 10 அன்று, புதிய அரசியல் சட்டத்துக்குக் கருத்து வாக்கெடுப்பு நடத்தியது ராணுவ ஆட்சி. பிணங்கள் மிதந்த வட்டங்களில் மட்டும் மே 24க்குத் தள்ளிவைத்தார்கள். 92 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். அதுவரை வெளிநாட்டு நிவாரண ஊழியர்கள் விசாவுக்காகக் காத்திருந்தார்கள்; அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் சரக்கோடு கடலில் நின்றன. இந்தியக் கப்பல்கள் கொண்டுவந்ததைத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன் நேரில் போய்த் தளபதி தான் ஷ்வேயைச் சந்தித்த பிறகும், ஆசியான் நாடுகள் நடுவில் புகுந்த பிறகும்தான் கதவு கொஞ்சம் திறந்தது. அந்த இடைவெளியில் சோறு கொண்டுபோனவர்கள் புத்த பிக்குகளும் யாங்கோன் நகரத்துச் சாதாரண மனிதர்களும். அவர்களில் ஒருவரான நகைச்சுவைக் கலைஞர் சர்கனார், அரசின் மெத்தனத்தைப் பற்றி வெளிநாட்டு ஊடகங்களில் பேசியதற்காகப் பல்லாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2011இல்தான் விடுதலை.

பாகிஸ்தானில் புயல் ஆட்சியை உலுக்கியது, மியான்மரில் ஆட்சி அசையவில்லை. வாக்குச்சீட்டு இருந்த இடத்தில் கோபம் போய்ச்சேர ஒரு பெட்டி இருந்தது என்பதைத் தாண்டி இதற்குப் பெரிய விளக்கம் தேவையா என்று தெரியவில்லை.

ஒடிசா இந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்ட மாநிலம். 1999 அக்டோபர் 17இல் கஞ்சம் மாவட்டத்தில் ஒரு புயல். அந்தச் சேதத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோதே 29ஆம் தேதி பாராதீப் அருகே மணிக்கு 260 கிலோமீட்டரில் பெரும்புயல். ஏறத்தாழ பத்தாயிரம் சாவு, பெரும்பகுதி எர்சமா வட்டாரத்தில். அன்று மாநிலம் முழுவதற்கும் இருந்த புயல் புகலிடங்கள் இருபதுக்குச் சற்று மேல், அவையும் செஞ்சிலுவைச் சங்கம் கட்டியவை. முதல்வர் பதவி இழந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பேரிடருக்கென்றே தனி ஆணையத்தை மாநிலம் அமைத்தது. நாட்டுக்கு அப்படி ஒன்று வர இன்னும் ஆறாண்டு இருந்தது. 2013இல் ஃபைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை நகர்த்தினார்கள். 2019 மே 3இல் ஃபானி புரியில் கரையேறுமுன் பன்னிரண்டு லட்சம் பேர். 26 லட்சம் குறுஞ்செய்திகள். 800க்கு மேற்பட்ட பல்நோக்குப் புகலிடங்கள். இறந்தவர்கள் 64.

அந்த 64க்கு உலகமே கைதட்டியது. தட்டட்டும், தகும். ஆனால் அதே ஃபானி புரி மாவட்டத்தின் கூரைகளையும் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சாவு குறைந்ததும் செய்தியாளர்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

தமிழர்களுக்கு 2017இல் வந்த ஒக்கி புயல் இதில் ஒரு முரண். கூண்டு பிறந்ததே கடலில் இருப்பவனுக்காக. அந்த நவம்பர் இறுதியில் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை விசைப்படகுகள் தங்கு கடல் தொழிலுக்காகப் பல நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் எந்த எண் ஏறினாலும் அங்கிருந்து தெரியாது. கரையின் கம்பியில்லாக் கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் திரும்பாதவர்கள் நூற்றுக்கணக்கில். படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் பேச்சு அதன் பிறகே சூடுபிடித்தது.

சாவை மட்டும் எண்ணினால் தவறிப்போகும் புயல் ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2009 மே 25, ஐலா. பெரிய புயலே அல்ல. வங்கதேசத்தில் இறந்தவர்கள் இருநூறுக்குள். குல்னா, சாத்கீரா மாவட்டங்களில் மண்கரைகள் உடைந்தன. 1960களில் வெளிநாட்டு வல்லுநர்களின் யோசனைப்படி கழிமுகத் தீவுகளைச் சுற்றி எழுப்பிய கரைகள் அவை. அதற்கு முன் அங்கே ‘அஷ்டமாசி பாந்த்’ என்ற எட்டு மாதக் கரைகளே வழக்கம்: உப்புக் காலத்தில் கட்டி, மழைக்காலத்தில் ஆற்று நீரும் வண்டலும் வயலுக்குள் வர விடுவார்கள். நிரந்தரக் கரை வந்ததும் வண்டல் நின்றது. வெளியே சுந்தரவனம் ஆண்டுக்காண்டு சேறு வாங்கி உயர்ந்துகொண்டிருக்க, கரைக்குள் நிலம் தாழ்ந்தது. இப்படிக் கரை சூழ்ந்த தீவுகளில் 32ஆம் எண் தீவை அளந்தவர்கள் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை பள்ளம் இருப்பதைக் கண்டார்கள். கரை உடைந்தபோது கடல் ஒரு கிண்ணத்துக்குள் இறங்குவதுபோல் இறங்கியது; வடிய வழியில்லை. நாளுக்கு இரண்டு முறை ஓதம் வயலுக்குள் வந்து போயிற்று. ஜனங்கள் உடையாமல் மிஞ்சிய கரையின் மேலேயே ஓலைக் குடிசை போட்டு இரண்டு ஆண்டுகள்வரை கிடந்தார்கள். குடிநீருக்குப் படகில் போனார்கள். ஆண்கள் டாக்காவுக்கும் எல்லை தாண்டியும் கூலிக்குப் போனார்கள்.

உடைப்பை அடைத்த பிறகு ஆய்வாளர்கள் மறுபடி அளந்தார்கள். ஓதம் புகுந்துபோன அந்த இரண்டு ஆண்டுகளில், பல பத்தாண்டுகளாக வராத வண்டல் வயல்களில் சாண் கணக்கில் படிந்திருந்தது.